முதிய நுரையீரலும் செயற்கைச் சுவாசமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர், உடல்நலம் பற்றிச் சிறிது நேரம் பேச நமக்கு வாய்ப்பளிக்கப்பட்டுள்ளது. இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள், கேட்பதற்குச் சற்றுக் கடினமானது. எனினும் நம்மில் பலருடைய வீட்டு வாசலுக்கு என்றேனும் ஒருநாள் வந்து நிற்கக்கூடியது. "அத்தாவை வென்டிலேட்டரில் வைக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்" என்று நள்ளிரவில் கேட்கப்படும்போது, பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எதைக் கேட்பார்கள்? எதைக் கொண்டு முடிவெடுப்பார்கள்? அதைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று, தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் நமது மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அதன் பின்னர் 'வென்டிலேட்டர்' என்ற சொல் அறியாத வீடு இந்நகரில் இல்லை. ஆனால் அச்சொல்லோடு இரண்டு எண்ணங்களும் சேர்ந்து பரவின. "வென்டிலேட்டரில் வைத்துவிட்டால் முடிந்தது, இனி மய்யித்தாகத்தான் வருவார்" என்பது ஒன்று. "வென்டிலேட்டரில் வைத்தாகிவிட்டது, இனிப் பயமில்லை, கருவி காப்பாற்றிவிடும்" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழையானவை. அக்கருவி நோயைக் குணமாக்குவதில்லை. நோய் குணமாகும்வரை நோயாளிக்குக் காலம் வாங்கித் தருகிறது. அந்தக் காலத்திற்கு நுரையீரல் ஒரு விலை கொடுக்கிறது. முதுமையில் அந்த விலை கூடுகிறது. நாம் சொல்ல வந்தது இவ்வளவே. எஞ்சியவை இதன் விளக்கம்.

இழுக்கும் மூச்சும் தள்ளும் மூச்சும்

நாம் இயல்பாக மூச்சு விடும்போது நிகழ்வது என்ன? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் என்னும் தசைத் தகடு உள்ளது. அது கீழே இறங்க, நெஞ்சுக்கூடு விரிய, வெளிக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படுகிறது. கொல்லன் பட்டறைத் துருத்தி விரியும்போது காற்று உட்புகுவதைப் போன்றது இது. அக்காற்று கோடிக்கணக்கான நுண்ணறைகளைச் சென்றடைகிறது. ஒரு மனிதனின் நுரையீரல்களில் 30 கோடி முதல் 50 கோடி வரை நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. அச்சுவரின் ஒருபுறம் காற்றும் மறுபுறம் இரத்தமும் உள்ளன.

வென்டிலேட்டர் இதற்கு நேர்மாறாக இயங்குகிறது. அது காற்றை இழுக்கச் செய்வதில்லை. மூச்சுக்குழாயில் செருகிய குழாய் வழியாக அழுத்தத்துடன் உள்ளே தள்ளுகிறது. ஊதாங்குழலால் அடுப்பை ஊதுவதற்கு ஒப்பானது அது.

இம்முறையின் பெருமை உலகுக்குத் தெரியவந்தது 1952-இல். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரை அவ்வாண்டு போலியோ கொள்ளைநோய் தாக்கியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து, அன்றிருந்த பழைய கருவிகளில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்தனர். அப்போது பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கலாம் என்று செய்து காட்டினார். ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் பையை அழுத்திப் பல உயிர்களைக் காத்தனர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வித்திட்டது அந்நிகழ்ச்சிதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நோயாளிகளில் பெரும்பாலோர் சிறாரும் இளைஞருமாவர். அவர்களுக்குச் செயலிழந்தவை தசைகளே. நுரையீரல் பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தது. நுரையீரலே நோயுற்று, அந்நுரையீரலும் முதியதாக இருக்கும்போது நிலைமை வேறாகிறது.

காக்கும் கருவி காயப்படுத்துவது எங்ஙனம்?

1967-இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளைப் பற்றி எழுதினர். விபத்தாலோ கடும் தொற்றாலோ அவர்களின் நுரையீரல் முழுவதும் நீர் கோத்து விறைத்திருந்தது. இன்று மருத்துவ உலகம் ஏ.ஆர்.டி.எஸ். என்று குறிப்பிடும் கடும் மூச்சுத்திணறல் நிலை இதுவே. நிமோனியா முற்றியவர்களுக்கும், கொரோனா முற்றியவர்களுக்கும் ஏற்பட்டது இதுவே.

அத்தகைய நுரையீரலில் எல்லாப் பகுதியும் ஒரே சீராக விறைப்பதில்லை. சில பகுதிகள் நீரால் அடைபட்டிருக்கும். சில பகுதிகள் திறந்திருக்கும். நம் வைகைப் பாசனக் கண்மாய் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பத்து மடைகளில் ஏழு மண் மூடி அடைபட்டிருக்க, வழக்கமான அளவு நீரை முழுதும் வெளியேற்ற முற்பட்டால், எஞ்சிய மூன்று வாய்க்கால்களின் கரை உடையும். நுரையீரலிலும் இதுவே நிகழ்கிறது. நல்ல மனிதருக்குரிய அளவு காற்றைத் தள்ளினால், அது முழுவதும் திறந்திருக்கும் சிறு பகுதிக்குள்ளேயே பாய்கிறது. அங்குள்ள நுண்ணறைகள் அளவுமீறி விரிந்து கிழிகின்றன. அடைபட்ட நுண்ணறைகளோ ஒவ்வொரு மூச்சுக்கும் திறந்து மூடி, சுவர்கள் ஒட்டிப் பிரிந்து புண்ணாகின்றன. புண்பட்ட உயிரணுக்கள் அழற்சிப் பொருள்களை வெளியிடுகின்றன. அவை இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் முதலிய பிற உறுப்புகளையும் தாக்குகின்றன.

மிகை அழுத்தம் தரும் தீங்கு 1974-லேயே எலிகளிடம் செய்த ஆய்வில் வெளிப்பட்டது. மிக உயர்ந்த அழுத்தத்தில் ஊதப்பட்ட நல்ல நுரையீரல்களில்கூட ஒரு மணி நேரத்திற்குள் நீர் கோத்துவிட்டது. மனிதருக்கு இதை ஐயமின்றி நிலைநாட்டியது 2000-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு. 861 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு அன்றைய வழக்கப்படி, உயரத்தைக் கொண்டு கணித்த எடையில் ஒரு கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் வீதம் மூச்சளவு தரப்பட்டது. மறு பிரிவினருக்கு அதில் பாதியான 6 மில்லிலிட்டர் வீதம் தரப்பட்டது. முதற் பிரிவில் 39.8 விழுக்காட்டினர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 31 விழுக்காட்டினரே இறந்தனர். புதிய மருந்து ஏதுமில்லை, புதிய கருவி ஏதுமில்லை. ஊதும் அளவைக் குறைத்ததாலேயே நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது உயிர்கள் மிஞ்சின.

முதுமை நுரையீரலில் செய்யும் மாற்றங்கள்

இனி நமது பொருளின் நடுப்பகுதிக்கு வருவோம். நோய் ஏதுமில்லாத, பீடி சிகரெட் தொடாத மனிதருக்கும் நுரையீரல் மூப்படையவே செய்கிறது. ஏறத்தாழ 25, 30 வயதுக்குப் பிறகு, ஒரு நொடியில் நாம் வேகமாக ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லிலிட்டர் வரை குறைந்துகொண்டே வருகிறது. நுரையீரலுக்கு மீள்திறன் தரும் நார்கள் தளர்கின்றன. பழைய இலாஸ்டிக் நாடா இழுத்தால் நீளும், ஆனால் முன்போல் சுருங்காது. முதிய நுரையீரலின் நிலையும் அதுவே. நுண்ணறைகள் அகன்று, அவற்றைத் தாங்கும் சுவர்கள் குறைகின்றன.

நுரையீரல் தளர, அதைச் சூழ்ந்த நெஞ்சுக்கூடோ விறைக்கிறது. விலா எலும்புகளை இணைக்கும் குருத்தெலும்பு கடினமாகிறது. முதுகு கூன் விழுகிறது. உதரவிதானத்தின் வலிமை குறைகிறது. இருமும் ஆற்றலும், சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களின் வேகமும் குறைகின்றன. மூச்சு விட்டு முடிக்கும்போது நுரையீரலின் அடிப்பகுதிச் சிறு குழல்கள் மூடிக்கொள்ளும் நிலை, படுத்திருப்பவருக்கு ஏறத்தாழ 45 வயதிலும், நிமிர்ந்திருப்பவருக்கு ஏறத்தாழ 65 வயதிலும் தொடங்கிவிடுகிறது. முதியவரைப் படுத்த படுக்கையாகவே வைத்திருக்கக் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணுக்குப் புலப்படாத மாற்றம் ஒன்றும் உண்டு. இளமையில் நுண்ணறைச் சுவர் காயம்பட்டால், அங்குள்ள சிறப்பு உயிரணுக்கள் பெருகி அதனைச் செப்பனிடுகின்றன. முதுமையில் அவ்வுயிரணுக்கள் பலவும் பெருகும் ஆற்றலை இழக்கின்றன. அதே வேளையில், முதியவர் உடலில் இலேசான அழற்சி எப்போதும் கனன்றுகொண்டே இருக்கிறது. புதிய காயம் வரும்போது அக்கங்கு எளிதில் பற்றிக்கொள்கிறது. அணைவதற்கோ நாளாகிறது.

ஆகவே, ஒரே அளவு அழுத்தம் இளைஞருக்கும் முதியவருக்கும் ஒரே விளைவைத் தருவதில்லை. 2013-இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், செயற்கைச் சுவாசத்தால் நேரும் காயம் முதிய எலிகளுக்கே மிகுதி என்று கண்டறியப்பட்டது. எலியைக் கொண்டு மனிதருக்கு முழுத் தீர்ப்பு எழுத இயலாது. முதியவருக்குச் சர்க்கரை, இதயநோய், சிறுநீரகக் கோளாறு முதலியவையும் உடனிருக்கும். ஆயினும் மனிதரிடம் கண்ட உண்மைகளும் அதே திசையையே காட்டுகின்றன. மேற்சொன்ன அமெரிக்க ஆய்வுக் குழுவின் நோயாளிகள் 902 பேரின் விவரங்களை வயதுவாரியாக ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். 70 வயதுக்கு உட்பட்டோரில் 28 நாள்களுக்குப் பின் உயிருடன் இருந்தோர் 74.6 விழுக்காடு. 70-ஐக் கடந்தோரில் 50.3 விழுக்காடு.

அதே ஆய்வு இன்னோர் அரிய செய்தியையும் தந்தது. உயிர் பிழைத்த முதியோர், தாமாக மூச்சுவிட முடியுமா என்று சோதிக்கும் நிலையை இளையோர் எட்டிய அதே கால அளவில் எட்டினர். ஆனால் குழாயிலிருந்து விடுபடவும், தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வெளியேறவும் அவர்களுக்குக் கூடுதல் நாள்கள் ஆயின. இதற்குத் தசைத் தளர்ச்சி ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. கருவியே முழு மூச்சையும் தரும்போது உதரவிதானம் வேலையின்றிக் கிடக்கிறது. 18 முதல் 69 மணி நேரம் அவ்வாறு கிடந்த உதரவிதானங்களின் தசைநார்கள் பாதிக்கும் மேல் மெலிந்திருந்ததை 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. இளைஞருக்குச் சேமிப்பு உண்டு. முதியவருக்கு அது முன்னமே கரைந்திருக்கிறது.

இதன் பொருள் என்ன?

"அப்படியானால் முதியவருக்கு வென்டிலேட்டரே கூடாதா?" என்று கேட்கலாம். அவ்வாறு அல்ல. 70-ஐக் கடந்தோரிலும் பாதிப் பேர் பிழைத்தனர் என்பதை மறந்துவிடலாகாது. வயது ஒன்றையே காரணம் காட்டி ஒருவரைக் கைவிடுவது நியாயமாகாது. முதியவருக்கு இன்னும் மென்மையாக, இன்னும் குறைந்த நாள்களுக்கு அக்கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்பதே இதன் பொருள்.

அம்மென்மைக்கு வழிகள் உண்டு. முதலாவது, மூச்சின் அளவு. அதை உடல் எடையைக் கொண்டு கணிக்கக் கூடாது, உயரத்தைக் கொண்டே கணிக்க வேண்டும். வயிறு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. 150 செ.மீ. உயரமும் 75 கிலோ எடையும் உள்ள ஒரு மூதாட்டிக்கு உரிய மூச்சளவு சுமார் 260 மில்லிலிட்டர். எடையை வைத்துக் கணித்தால் 450 ஆகிவிடும். இரண்டாவது, கடுமையான ஏ.ஆர்.டி.எஸ். நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பது. 2013-இல் வெளியான பிரெஞ்சு மருத்துவர்களின் ஆய்வில் இம்முறையால் 28 நாள் இறப்பு 32.8 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது. மூன்றாவது, தகுதியுள்ளோருக்குக் குழாய் செருகாமல் முகமூடி வழியாகவே அழுத்தக் காற்றைத் தருவது. நாள்பட்ட மூச்சடைப்பு நோய் திடீரென முற்றியவர்களுக்கு இது மிகவும் பயனளிப்பதை 1995-ஆம் ஆண்டு ஆய்வு உறுதிப்படுத்தியது. நான்காவது, நாள்தோறும் மயக்க மருந்தை நிறுத்தி விழிக்கச் செய்து, தாமாக மூச்சுவிட முடிகிறதா என்று சோதிப்பது. கருவியில் கழியும் ஒவ்வொரு நாளையும் குறைப்பது முதியவருக்குச் செய்யும் பேருதவி.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

இவையெல்லாம் மருத்துவர் செய்ய வேண்டியவை அல்லவா, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். குடும்பத்தார் அமைதியாகவும் மரியாதையாகவும் சில கேள்விகளைக் கேட்கலாம். எந்த நோய்க்காகக் கருவி தேவைப்படுகிறது? அந்நோய் சில நாள்களில் தணியக்கூடியதா? முகமூடி முறை போதுமா? உயரம் அளக்கப்பட்டதா? நாள்தோறும் விழிக்கச் செய்து சோதிக்க இயலுமா? எத்தனை நாள் கழித்து நிலைமையை மீண்டும் கூடிப் பேசலாம்? இறுதிக் கேள்வி மிக முக்கியமானது. குறிப்பிட்ட நாள்களுக்கு முயன்று பார்த்து, பின்னர் சேர்ந்து அமர்ந்து முடிவெடுப்பது என்ற ஏற்பாடு, கண்மூடித்தனமாகத் தொடர்வதையும் அவசரப்பட்டு நிறுத்துவதையும் ஒருங்கே தவிர்க்கிறது.

மேலும், நோயாளியின் பழைய வரலாற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் தாய்மார்களில் பலர் சிகரெட்டைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் விறகடுப்பின் முன் முப்பது நாற்பது ஆண்டுகள் ஊதாங்குழலோடு அமர்ந்தவர்கள். அப்புகை பீடிப் புகைக்குச் சற்றும் குறைந்ததன்று. மேலூர்ப் பக்கம் கல்குவாரிகளில் கல்தூசியோடு உழைத்தவர்கள், அரிசி ஆலைகளிலும் பஞ்சாலைகளிலும் பணிபுரிந்தவர்கள், தோப்பூர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையில் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமானவர்கள் ஆகியோரின் நுரையீரல் அவர்களுடைய வயதைவிட மூத்தது. மருத்துவர் இதை அறிந்தால்தான் கருவியின் அளவுகளை அதற்கேற்ப அமைப்பார்.

முதியவரின் மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். விழித்திருக்கும் வேளையில், எங்கிருக்கிறார், என்ன கிழமை, வெளியே யார் இருக்கிறார்கள் என்று அருகிலிருந்து பழகிய குரலில் சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் முதியோருக்கு ஏற்படும் மனக்குழப்பம் குழாயை எடுப்பதையே தாமதப்படுத்தக்கூடியது. அதைத் தணிப்பதில் பிள்ளைகளின் குரலுக்குப் பங்குண்டு.

முன்னரே செய்ய வேண்டியவை

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. இந்தியாவிலேயே முதுமைக்கெனத் தனி மருத்துவப் பிரிவு 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் அவர்களால் தொடங்கப்பட்டது. முதியவர் உடல், வயது கூடிய இளைஞர் உடலன்று, அது தனித்த கவனிப்பைக் கோருவது என்ற உண்மை அன்றே இம்மண்ணில் ஏற்கப்பட்டுவிட்டது. அதனை வீடுகளில் நடைமுறைப்படுத்துவது நமது பொறுப்பு.

புகையை விடுவதற்கு எந்த வயதும் தாமதமன்று. விடுகின்ற நாளிலிருந்தே நுரையீரலின் தேய்வு மெதுவாகிறது. இன்ஃபுளுவென்சா தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் மூத்தோருக்கு உண்டு. ஹஜ் பயணத்திற்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் நாம், பயணமில்லாத ஆண்டுகளிலும் மருத்துவரைக் கலந்து அதனைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். நாள்தோறும் நடப்பதும், போதிய புரத உணவும் தசைச் சேமிப்பைக் காக்கும். அச்சேமிப்புதான் பின்னாளில் குழாயிலிருந்து விடுபட உதவுவது.

இறுதியாக, பேசத் தயங்கும் ஒன்று. மீளாத நோயின் கடைசிக் கட்டத்தில் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை நல்ல நினைவுடன் இருக்கும்போதே எழுதி வைக்கும் உரிமையை 2018 மார்ச் 9 அன்று உச்சநீதிமன்றம் ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கி, இரு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் கையொப்பமிட்டால் போதும் என்றாக்கியது. இதில் மார்க்கத்தின் நிலை என்ன என்பதை உலமாப் பெருமக்களிடமே கேட்டுத் தெளிய வேண்டும். அதனைக் கூறும் தகுதி நமக்கில்லை. எழுதி வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். ஆனால் பேசி வைப்பது அனைவருக்கும் இயலும். தந்தையின் விருப்பம் தெரியாமல் மருத்துவமனை வராந்தாவில் உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் குறைகூறி, அக்கசப்பைப் பல ஆண்டுகள் சுமக்கும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. நலமாக இருக்கும்போது பேசிய அரை மணி நேரம் அக்கசப்பைத் தவிர்க்கும்.

எனவே ஜமாஅத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். மஹல்லாவில் 60 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தயாரிக்கலாம். உயரம், பழைய நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், போட்டுக்கொண்ட தடுப்பூசிகள், புகை தூசி பற்றிய வரலாறு, அவசரத்தில் அழைக்க வேண்டிய பிள்ளையின் எண் ஆகியவை அதில் இருக்கட்டும். செலவு சிறிது, உழைப்பும் சிறிது. இளைஞரணியினர் வீடுவீடாகச் சென்று ஒரு மாதத்தில் இதை முடிக்கலாம். நள்ளிரவில் 108 வண்டி வந்து நிற்கும்போது, அந்த ஓர் அட்டை மருத்துவரின் கையில் இருந்தால், நம் பெரியவருக்கு ஊதப்படும் முதல் மூச்சே அவருடைய நுரையீரலுக்குத் தக்க அளவில் அமையும்.